நாயா, குரங்கா, பன்றியா: சர்க்கரை விழித்திரை நோய் ஆய்வுக்கு எந்தப் பெருவிலங்கு?

சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவருக்குக் கண்ணுக்குள் ஊசி வழியாகச் செலுத்தப்படும் மருந்தின் அளவு பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர்தான். ஒரு துளி என்று சொல்லிவிடக்கூடிய இந்த அளவு, சுண்டெலியின் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழ் முழுவதையும்விட ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகம். மனிதக் கண்ணில் அந்தக் கூழ் 4 மில்லிலிட்டர் அளவுக்கு இருக்கிறது. மருந்து அதில் பரவி, வாரக்கணக்கில் தங்கி, மெல்லக் கரைந்து வெளியேறுகிறது. எலியின் கண்ணிலோ லென்ஸே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, மனிதர் படிக்கவும் முகம் அறியவும் பயன்படுத்தும் மாக்குலா என்ற விழித்திரையின் மையப்பகுதி எலிக்குக் கிடையவே கிடையாது. எலியில் நோய் முளைவிடும் முதல் படிகளைப் பார்க்கலாம். அதற்கு மேல் அந்த விலங்கு நம்மை அழைத்துச் செல்வதில்லை. ஆகவே, இந்த நோயை ஆராயும் குழு ஒன்று ஏதோ ஒரு கட்டத்தில் பெருவிலங்கை நாடியாக வேண்டிய நிலை வருகிறது. நாய், பூனை, குரங்கு, பன்றி ஆகிய நான்கில் எதை, எந்தக் கேள்விக்காகத் தேர்வு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒப்பிடுவதற்கு முன், ஒப்பிடப்படும் நோயின் போக்கைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. விழித்திரையின் தந்துகிக் குழாய்களை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் முதலில் மடிகின்றன; குழாயின் அடித்தளச் சவ்வு தடிக்கிறது; பிடிமானம் இழந்த சுவர் ஆங்காங்கே குமிழ்போலப் புடைத்து நுண்வீக்கங்களாகிறது; அவற்றிலிருந்து நீரும் கொழுப்பும் இரத்தமும் கசிகின்றன. பிறகு தந்துகிகள் ஒவ்வொன்றாக அடைபட, ஆக்சிஜனுக்கு ஏங்கும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புதுக்குழாய்களை வரவழைக்கிறது. வலுவற்ற அந்தக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிறைவதும், நார்த்திசு சுருங்கி விழித்திரையைப் பிய்ப்பதும் கடைசிக் கட்டம். மாக்குலா வீக்கம் இந்த வரிசைக்குக் கட்டுப்படாமல் எந்தக் கட்டத்திலும் வந்து பார்வையைக் குலைக்கக்கூடியது. மனிதரில் இதற்கெல்லாம் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. சென்னை நகரில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான க்யூர்ஸ் கண் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதைக் கண்டது. இவ்வளவு பேரைத் தொடும் நோய்க்கு, தொடக்கம் முதல் முடிவு வரை மனிதரைப் போலவே நடந்துகாட்டும் விலங்கு இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இந்த ஒரு வாக்கியத்தை ஏற்றுக்கொண்டால் தேர்வின் தன்மையே மாறிவிடுகிறது. மனிதக் கண்ணுக்கு மிக நெருக்கமான விலங்கு எது என்று கேட்டு, விடையாக வரும் விலங்கையே வாங்குவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் நெருக்கம் என்பது ஒரே அளவுகோலில் அளக்கத்தக்க ஒன்று அன்று. கண்ணின் அளவில் ஒரு விலங்கும், மாக்குலா அமைப்பில் இன்னொன்றும், தந்துகிச் சிதைவின் ஒழுங்கில் மற்றொன்றும் நமக்கு அருகில் நிற்கின்றன. அதோடு, எத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியும் என்பது ஆய்வுத் திட்டங்களில் கடைசியாகவே எழுதப்படுகிறது. உண்மையில் அதுதான் முதலில் எழுதப்பட வேண்டியது. மூன்றாண்டு நிதி கிடைத்த குழுவுக்கும் பத்தாண்டு பராமரிப்பு வசதியுள்ள நிறுவனத்துக்கும் ஒரே விலங்கு பொருந்தாது.

காலத்தை முதலில் வைப்பதென்றால் நாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரொனால்டு எங்கர்மேனும் பிளட்வொர்த்தும், அலாக்ஸான் என்ற வேதிப்பொருளால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துச் சர்க்கரை நோய் உண்டாக்கிய நாய்களில், மனிதரில் காணப்படும் விழித்திரைச் சிதைவு அப்படியே தோன்றுவதை 1965இல் எழுதினார்கள். அதுவரை, சர்க்கரை உயர்ந்தால் மட்டும் கண் கெடுமா, அல்லது மனிதப் பரம்பரையில் வேறு ஏதோ சேர்ந்துதான் கெடுகிறதா என்பது தீராத வழக்காக இருந்தது. சர்க்கரை உயர்ந்தாலே போதும் என்று நாய் காட்டியது.

நாயின் விழித்திரையை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அருகில் சென்று காண வேண்டும், ஏனெனில் பெருவிலங்கின் பலமே அங்குதான் தெரிகிறது. பதப்படுத்திய விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதிக் கரைசலில் ஊறவைத்தால், நரம்புத் திசு கூழாகிக் கரைந்துபோகும். இரத்தக் குழாய்களின் வலை மட்டும் எஞ்சும். மென்மையாக அலசி, கண்ணாடித் தகட்டில் விரித்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இலை மக்கிப்போன பின் நரம்புகள் மட்டும் மிஞ்சிய அரசிலைபோல முழுவலையும் ஒரே பரப்பில் கிடக்கும். 1960 வாக்கில் ஹார்வர்டின் குவாபாராவும் கோகனும் நிலைநிறுத்திய முறை இது. அந்த வலையில் பெரிசைட் இருந்த இடம் வெற்றுக் கூடாக நிற்பதையும், செல்லே இல்லாத தந்துகிகள் காய்ந்த நார்களாகக் கிடப்பதையும், குமிழ்விட்ட நுண்வீக்கங்களையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். எலியின் தகட்டில் செல்லற்ற தந்துகிகளை எண்ணலாம். நுண்வீக்கம் அரிதினும் அரிது. நாயின் தகட்டில் அது தாராளமாகக் கிடைத்தது. மனித நோயின் முத்திரை என்று கண் மருத்துவர்கள் கருதும் அந்தச் சிறு குமிழைத் தந்ததுதான் நாய் மாதிரியின் முதல் பெருமை.

இரண்டாவது பெருமை இதைவிடப் பெரியது. 1987இல் எங்கர்மேனும் திமோத்தி கெர்னும் வெளியிட்ட ஆய்வில் நாய்கள் மூன்று பிரிவுகளாக இருந்தன: ஐந்தாண்டுகள் சர்க்கரை நன்கு கட்டுக்குள் வைக்கப்பட்டவை, ஐந்தாண்டுகள் கட்டுப்பாடின்றி விடப்பட்டவை, முதல் இரண்டரை ஆண்டு கட்டுப்பாடின்றியும் அடுத்த இரண்டரை ஆண்டு கட்டுப்பாட்டிலும் வாழ்ந்தவை. மூன்றாம் பிரிவில், கட்டுப்பாடு தொடங்கிய வேளையில் விழித்திரை நோய் இல்லை அல்லது ஐயத்துக்குரிய அளவில்தான் இருந்தது. ஆயினும் சர்க்கரை சீரான பின்னரும் அடுத்த இரண்டரை ஆண்டுகளில் நோய் வளர்ந்தது. கடந்த காலச் சர்க்கரையை உடல் மறப்பதில்லை என்ற கருத்து இங்கே ஆதாரம் பெற்றது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை, கடுமையான கட்டுப்பாடு, வழக்கமான கட்டுப்பாடு என இரு பிரிவாக்கி நடந்து 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வும், அதன் தொடர் கண்காணிப்பும் மனிதரில் இதையே உறுதி செய்தன: தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தியவர்களின் நன்மை பின்னாளில் இரு பிரிவினரின் சர்க்கரையும் ஒன்றாகிவிட்ட பிறகும் நீடித்தது, தாமதித்தவர்களுக்குப் பழைய கணக்கு தொடர்ந்தது. விலங்கு முன்கூட்டிச் சொன்னதை மனித ஆய்வு பின்னர் மெய்ப்பித்த மிகச் சில நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

நாய் தந்த இன்னொரு செய்தி தோல்விச் செய்தி. உணவில் 30 சதவீதம் காலக்டோஸ் என்ற சர்க்கரை கலந்து கொடுத்த நாய்களுக்கு, இன்சுலின் குறைபாடே இல்லாதபோதும், சர்க்கரை நோயாளியின் விழித்திரைபோலவே சிதைவு வந்தது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியே குற்றவாளி என்ற எண்ணம் அதனால் வலுத்தது. அந்த நொதியைத் தடுக்கும் சார்பினில் மருந்து நம்பிக்கையோடு பார்க்கப்பட்டது. ஆனால் எங்கர்மேன், கெர்ன் குழுவின் ஐந்தாண்டு ஆய்வில், சர்க்கரை நாய்களிலும் காலக்டோஸ் நாய்களிலும் அந்த மருந்து விழித்திரையைக் காக்கவில்லை. மனிதரில் நடந்து 1990இல் வெளியான சார்பினில் ஆய்வும் பயனில்லை என்றே முடிந்தது. நாய் ஆய்வின் முடிவு 1993இல்தான் அச்சேறியது என்பதையும் கவனிக்க வேண்டும்: ஐந்தாண்டு எடுத்துக்கொள்ளும் விலங்கு சரியான விடையைத் தந்தாலும், அதற்குள் மனித ஆய்வே முடிந்துவிடலாம்.

இனி குறைகள். நாய்க்கு மாக்குலா இல்லை. செல்கள் அடர்ந்த மையப் பகுதி ஒன்று உண்டு, அவ்வளவே. விழித்திரைக்குப் பின்னே இரவில் ஒளிரும் டபீட்டம் என்ற படலம் இருப்பதால், கண்ணின் உட்பரப்புப் படங்களை மனிதப் படங்களோடு ஒப்பிடுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்புரை. வீடுகளில் வளரும் சர்க்கரை நோயுள்ள நாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு, நோய் கண்டறிந்து ஓராண்டை ஒட்டிய காலத்திலேயே புரை விழுந்துவிடுகிறது. புரை விழுந்த கண்ணுக்குள் எந்தக் கருவியும் எட்டிப் பார்க்க முடியாது. புதுக்குழாய் வளரும் கடைசிக் கட்டத்தை நாயில் கண்டதாக 1995இல் வந்த அறிக்கைகூட, காலக்டோஸ் உணவில் பல ஆண்டுகள் வளர்ந்து லென்ஸ் அகற்றப்பட்ட நாய்களைப் பற்றியதுதான். இவற்றோடு, நாயை ஆண்டுக்கணக்கில் நோயாளியாக வைத்திருப்பதைச் சமூகம் இன்று பார்க்கும் பார்வை 1965இல் இருந்த பார்வை அன்று. அது நியாயமான மாற்றம்தான் என்பது என் கருத்து. புதிதாக ஒரு நாய்க் கூட்டத்தை இந்த நோய்க்காகத் தொடங்கும் திட்டம் என் முன் வந்தால், பழைய தகடுகளும் திசுக்களும் எங்கெங்கே சேமிப்பில் உள்ளன என்று முதலில் தேடினீர்களா என்றே கேட்பேன். டிரிப்சினில் அலசிய வலை, சரியாக வைத்திருந்தால், பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் எண்ணத் தக்கதாகவே இருக்கும்.

பூனையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கணையம் அகற்றப்பட்டு ஆறாண்டுகளுக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்ந்த சில பூனைகளின் விழித்திரைக்குள் நுண்மின்முனையைச் செலுத்தி, லின்சென்மையரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் ஆக்சிஜன் அழுத்தத்தை அளந்தார்கள். உள் விழித்திரையில் அது இயல்பான பூனையில் இருப்பதில் பாதியளவாகக் குறைந்திருந்தது; தந்துகிகள் இன்னும் அடைபடாத இடத்திலும் குறைந்திருந்தது. குழாய் அடைபட்ட பிறகுதான் பட்டினி என்ற எளிய கதையைக் கலைத்த அளவீடு அது. பூனைக்குக் கண்புரைத் தொல்லை நாயைவிட வெகு குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஆறாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைக்கும் நோய் மிதமானது, பராமரிப்பு கடினமானது. ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் கேள்வி தவிர வேறெதற்கும் இதைத் தேர்வு செய்யக் காரணம் தெரியவில்லை.

குரங்குக்கு வருவோம். பாலூட்டிகளில் மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் மட்டுமே உண்மையான மாக்குலாவும் அதன் நடுப்பள்ளமும் உண்டு. மாக்குலா வீக்கம் பற்றிய கேள்வி என்றால், இந்த ஒரு காரணமே மற்ற விலங்குகளைப் பின்தள்ளிவிடும். அதைவிட முக்கியமானது, சில ரீசஸ் குரங்குகளுக்கு நடுவயதில் உடல் பருத்து, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமல் போய், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தானாகவே வருகிறது. நச்சு வேதிப்பொருளும் இல்லை, அறுவையும் இல்லை; நம்மூர் நோயாளியின் கதையேதான். அமெரிக்காவின் மேரிலாந்தில் இத்தகைய முதிய குரங்குகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தவர்கள், பஞ்சுபோல வெளுத்துத் தெரியும் திட்டுகள், இரத்தக் கசிவுகள், கொழுப்புப் படிவுகள், தந்துகி அடைப்பு, மாக்குலா பாதிப்பு எல்லாவற்றையும் அவற்றில் கண்டார்கள். அடைபட்ட தந்துகிகளோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சேர்ந்திருப்பதையும் கண்டார்கள். புதுக்குழாய் வளரும் கட்டம் மட்டும் அங்கும் வரவில்லை. வேதிப்பொருளால் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட குரங்குகளிலோ, பல ஆண்டுகள் கழிந்த பின்னும், உயர் இரத்த அழுத்தமும் கூடிய விலங்குகளில்தான் விழித்திரை பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

ஆயினும் குரங்கின் மிகப் பெரிய பங்களிப்பு சர்க்கரை நோய் இல்லாத குரங்கிலிருந்து வந்தது என்பது வேடிக்கையான உண்மை. 1996இல் பாஸ்டனில் டொலென்டினோ குழுவினர், நலமான குரங்கின் விட்ரியஸ் கூழுக்குள் விஇஜிஎஃப் புரதத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். ஆண்டுக்கணக்கான சர்க்கரை செய்யும் வேலையில் ஒரு பகுதியை, அதாவது நுண்வீக்கம், கசிவு, தந்துகி அடைப்பு, கண்ணின் நிறப்படலமான ஐரிஸில் புதுக்குழாய் ஆகியவற்றை, அந்தப் புரதம் தனியாகவே செய்து காட்டியது. இன்று விஇஜிஎஃப்பைத் தடுக்கக் கண்ணுக்குள் போடப்படும் ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற ஊசிகளுக்கு அடித்தளமிட்ட சோதனைகளில் இது ஒன்று. இவ்வகை எதிர்ப்புரத மருந்துகளைச் சோதிக்கக் குரங்கை விடுவது கடினம். மனித விஇஜிஎஃப் புரதத்துக்காக வடிவமைத்த ரானிபிசுமாப் எலியின் விஇஜிஎஃப்பைப் பற்றிப் பிடிப்பதில்லை. குரங்கின் புரதமோ நம்முடையதற்கு மிக நெருக்கமானது. மருந்து எதைப் பிடிக்க வேண்டுமோ அது விலங்கில் வேறு வடிவில் இருந்தால், கண் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

குரங்கின் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிட முடியாது. இந்தியா ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை 1978இல் நிறுத்தியபோது உலக ஆய்வுக்கூடங்கள் பிற நாடுகளையும் நீள்வால் குரங்கையும் நாடின. அந்த நீள்வால் குரங்கை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2022இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. தானாகச் சர்க்கரை நோய் வந்த முதிய குரங்குகள் எங்கும் கைவிரல் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். அவற்றுக்கு நோய் எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க முடியாது. நான்கைந்து குரங்குகளிலிருந்து வரும் முடிவை, நாற்பது விலங்குகளிலிருந்து வருவதுபோல எழுதும் பழக்கமும் இத்துறையில் உண்டு, அதைப் படிப்பவர் கண்டு ஒதுக்க வேண்டும். இருக்கும் பழைய கூட்டங்களில், வயதான விலங்குகளைத் துன்புறுத்தாத படக் கருவிகளால் கண்காணிப்பது ஒன்று. இதற்கெனப் புதிய குரங்குகளை வாங்கி வேதிப்பொருளால் நோயாளியாக்குவது வேறொன்று. முன்னதற்கு என் ஒப்புதல் உண்டு. பின்னதற்கு, எதிர்ப்புரத மருந்தின் இறுதிப் பாதுகாப்புச் சோதனை போன்ற, வேறு எந்த வழியும் இல்லாத இடத்தில் மட்டுமே.

எஞ்சுவது பன்றி. நேர்மையாகச் சொன்னால், பல குழுக்கள் இதை விரும்பித் தேர்ந்ததைவிட, மற்றவை கைக்கெட்டாததால் வந்து சேர்ந்ததே மிகுதி. ஆனால் வந்து சேர்ந்த இடம் தவறானதல்ல. பன்றியின் கண் அளவில் மனிதக் கண்ணை ஒட்டியது. டபீட்டம் இல்லை, ஆகவே மருத்துவமனையில் நோயாளிக்குப் பயன்படுத்தும் அதே ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும்) கருவியையும் கண்ணுட்பரப்புப் படக் கருவியையும் மாற்றமின்றிப் பயன்படுத்தலாம். விழித்திரை முழுவதும் மனிதரில் போலவே இரத்தக் குழாய்கள் பரவியுள்ளன. விட்ரியஸ் கூழ் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர், எனவே 0.05 மில்லிலிட்டர் ஊசியை அளவு மாற்றாமலே போடலாம். மாக்குலா இல்லைதான், ஆனால் கூம்பு செல்கள் அடர்ந்த ஒரு கிடைப்பட்டை விழித்திரையின் குறுக்கே ஓடுகிறது, அது ஓரளவு பதிலியாகிறது. ஓரளவு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்: மனித மாக்குலாவின் நடுப்பள்ளத்தில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கூம்புகள் நெருங்கி நிற்கின்றன, பன்றியின் பட்டை அதன் அருகில்கூட வராது.

பன்றியைச் சர்க்கரை நோயாளியாக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அலாக்ஸானும், அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரெப்டோசோடோசினும் பீட்டா செல்லுக்குள் நுழைவது குளுட்-2 என்ற சர்க்கரைக் கதவு வழியாக. எலியின் பீட்டா செல்லில் அந்தக் கதவு விரியத் திறந்திருக்கிறது; பன்றியின் செல்லில், மனிதரில் போலவே, அது குறைவு. ஆகவே மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும்; கூட்டினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அது தீண்டும். கண்ணில் தென்படும் மாற்றம் சர்க்கரையால் வந்ததா, நச்சால் வந்ததா என்ற கேள்வி பிறகு கூடவே வரும். இதிலிருந்து தப்பும் வழியை ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். இன்சுலின் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் செய்யப்பட்ட அவர்களின் பன்றியில், இன்சுலின் மூலக்கூறு சரியாக மடியாமல் பீட்டா செல்லுக்குள்ளேயே தேங்கி, அந்தச் செல்லைக் கொல்கிறது. மனிதக் குழந்தைகளில் பிறந்ததிலிருந்தே வரும் ஒருவகைச் சர்க்கரை நோயின் காரணமும் இத்தகையதே. இந்தப் பன்றிகளை நீண்ட காலம் வளர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றின் விழித்திரையில் பஞ்சுத் திட்டுகளும், குழாய்களின் கோணல்மாணலான மாற்றங்களும், மையப் பகுதியில் வீக்கமும் இருந்ததைக் காட்டியது. மாக்குலாவே இல்லாத விலங்கில் மையத்தில் வீக்கம் வருவது கவனிக்கத்தக்கது: வீக்கத்துக்கு நடுப்பள்ளம் கட்டாயமல்ல, கூம்பு அடர்ந்த இடத்தின் ஏதோ ஓர் இயல்பே போதுமோ என்ற கேள்வியை அது எழுப்புகிறது. எனக்கு இந்தப் பன்றியிடம் உள்ள ஆர்வத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விதான்.

உடல் எடையும் ஒரு நடைமுறைத் தடை. இறைச்சிக்காக வளர்க்கும் பன்றி ஆறு மாதத்தில் நூறு கிலோவை எட்டிவிடும். அதைத் தூக்கி மயக்க மருந்து மேசையில் கிடத்திக் கண்ணைப் படமெடுக்க நாலு பேர் வேண்டும். அதனால்தான் 1960களில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குறும்பன்றி போன்ற இனங்களை நாடுகிறார்கள். வளர்ந்தும் அது நாற்பது கிலோவை ஒட்டியே நிற்கும். ஜார்ஜியா மாநிலத்தின் ஒசாபா தீவில் பஞ்சத்துக்குப் பழகிக் கொழுப்பைச் சேமிக்கும் உடலோடு தனித்து வாழ்ந்த பன்றியினம், அதிக உணவு கொடுத்தால் உடல் பருத்து இன்சுலினுக்கு அடங்காமல் போகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் முன்கட்டத்தைப் பார்க்க அது நல்ல விலங்கு; ஆனால் விழித்திரை பாதிப்பு முற்றும் வரை அதை நம்பித் திட்டம் போடுவது அவசரம்.

இந்தியாவில் இந்தத் தேர்வைச் செய்பவருக்குச் சட்டமும் ஓர் அளவுகோல். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் அமைந்த மத்தியக் குழு, எலி, முயல் போன்றவற்றுக்கான திட்டங்களை நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவே தீர்மானிக்க விட்டாலும், நாய், குரங்கு, பன்றி போன்ற பெருவிலங்குகளுக்கான திட்டத்தைத் தன்னிடம் அனுப்பச் சொல்கிறது. ஆய்வு முடிந்த பின் விலங்கைப் பராமரித்து மறுவாழ்வு தரும் செலவும் ஆய்வுச் செலவின் பகுதியாகவே, அதுவும் விலங்கின் உணர்வுநிலைக்கு ஏற்ப உயர்ந்து, கணக்கிடப்பட வேண்டும். திட்டத்தில் விலங்கின் விலையை மட்டும் எழுதி, அது ஆய்வுக்குப் பின் வாழப்போகும் ஆண்டுகளை எழுதாமல் விடுபவர்கள் நிதி கேட்கும் வேளையில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

பெருவிலங்கே தேவையில்லாத இடங்களும் உண்டு, அவற்றை இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது. மனிதத் தண்டு செல்களிலிருந்து வளர்த்த சிறு இரத்தக்குழாய் உருண்டைகளைச் சர்க்கரை மிகுந்த சூழலில் வைத்தால் அடித்தளச் சவ்வு தடிக்கிறது என்பதை வியன்னா ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். பெரிசைட் ஏன் மடிகிறது, சவ்வு ஏன் தடிக்கிறது என்ற மூலக்கூறு அளவிலான கேள்விகளுக்கு இதுவும், தானமாக வந்த மனிதக் கண்களும் போதும். அறுவைக் கைப்பழக்கத்துக்கு விலங்கைக் கொல்ல வேண்டியதே இல்லை. நம் நாட்டில் இளம் கண் மருத்துவர்கள் கறிக்கடையிலிருந்து வரும் ஆட்டுக் கண்ணில்தான் தையல் பழகுகிறார்கள். இதோடு, வீட்டில் வளர்ந்து தானாகச் சர்க்கரை நோய் வந்த நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் புரை அறுவை செய்த கால்நடை மருத்துவர்கள், அறுவைக்குப் பின் கண்ணுக்குள் பார்த்தபோது அவற்றில் ஒரு பகுதிக்கு விழித்திரையில் நுண்வீக்கமோ இரத்தக் கசிவோ இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அந்த நாய்கள் எப்படியும் சிகிச்சைக்கு வருபவை; உரிமையாளரின் சம்மதத்தோடு அவற்றைப் பின்தொடர்வதில் யாருக்கும் இழப்பில்லை.

ஆக, தேர்வைக் கேள்வியிலிருந்து தொடங்கினால் வழி இவ்வாறு பிரிகிறது. பழைய சர்க்கரையை உடல் ஏன் மறப்பதில்லை என்று கேட்பவர் நாயின் சேமிப்புத் திசுக்களிலும் சிகிச்சைக்கு வரும் வீட்டு நாய்களிலும் தேடட்டும். எதிர்ப்புரத மருந்து மாக்குலாவில் என்ன செய்கிறது என்று கேட்பவர், ஏற்கெனவே முதிர்ந்த குரங்குக் கூட்டம் வைத்திருப்பவரோடு கைகோக்கட்டும். அவர்களிடம் இடமில்லை என்றால் காத்திருக்கட்டும். மருந்தை மெல்ல விடுவிக்கும் உள்வைப்பு, மரபணு மருந்தைச் செலுத்தும் அறுவை, லேசர் சிகிச்சையின் புதிய முறை என, கண்ணின் அளவும் கருவியின் பொருத்தமும் முதன்மையாகும் எந்தக் கேள்விக்கும், நாலைந்து ஆண்டு நிதி உள்ள குழு பன்றியைத் தேர்வு செய்வதே சரி. மருந்து கண்ணுக்குள் எவ்வளவு நாள் தங்குகிறது என்பது மட்டுமே கேள்வி என்றால், அந்தப் பன்றிக்குச் சர்க்கரை நோய்கூடத் தேவையில்லை. நலமான குறும்பன்றியே போதும், அதில் விலங்கும் துன்பப்படாது, ஆய்வும் மாதங்களில் முடியும்.

சர்க்கரை நோயுள்ள பன்றிதான் வேண்டும் என்றால் ஒரு நிபந்தனை உண்டு, அதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். மரபணு மாற்றிய மியூனிக் பன்றிகளுக்கும் கடுமையான கண்புரை விழுகிறது. நாய்க்கு நேர்ந்ததே இதற்கும். விழித்திரை கெடத் தொடங்கும் வேளையில் லென்ஸ் பால்போல வெளுத்திருந்தால், ஓசிடி கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். விலங்கைக் கொன்று கண்ணை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியிராது, ஒரே விலங்கைப் பல ஆண்டுகள் பின்தொடரலாம் என்ற முதன்மை நன்மையும் போய்விடும். ஆகவே, புரை முற்றும் முன்பே லென்ஸை அகற்றும் அறுவையும், அந்த அறுவையே விழித்திரையில் அழற்சியை உண்டாக்கும் என்பதால் அறுவை செய்த நலமான பன்றிகள் அடங்கிய ஒப்பீட்டுப் பிரிவும், இரண்டையும் செய்யத் தெரிந்த கால்நடைக் கண் மருத்துவரும், தினமும் இருவேளை இன்சுலின் போட ஆளும் முதல் நாளிலிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் ஏற்பாடு செய்ய முடியாத குழு, சர்க்கரைப் பன்றியை வாங்காமல், தன் கேள்வியை நலமான பன்றிக்குப் பொருந்துமாறு சுருக்கிக்கொள்ளலாம்.